ஆட்டுத்தோலும் ஓர் அரிய பெயரும்

எங்கள் வருகைப் பதிவேட்டில் பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் உண்டு. அது அப்பாவின் இனிஷியல். தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் எங்களில் பலருக்கு இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டத்தைக் கண்டு, "இதில் எதை எழுதுவது?" என்று பெற்றோருடன் சேர்ந்து விழித்தவர்களும் எங்களுள் உண்டு. ஆகவே, பாடத்தில் 'சீகன்பால்கு' என்ற பெயரைப் படித்தபோது, இது எப்படி வந்த பெயர் என்று அறிய ஆவல் கொண்டோம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியில், சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சீகன்பால்கு என்பது அவருடைய குடும்பப் பெயர். ஜெர்மன் மொழியில் 'சீகெ' என்றால் ஆடு. 'பால்க்' என்றால் உரித்த தோல். நம் காதுக்குப் பாலாகக் கேட்பது அங்கே தோல்!

முற்காலத்தில் அந்நாட்டு ஊர்களில் ஒரே பெயருடையோர் பலர் இருந்தனர். அடையாளத்திற்காக அவரவர் தொழிலையோ ஊரையோ சேர்த்து அழைத்தனர். நாளடைவில் அதுவே பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராயிற்று. மாவு அரைத்தவர் மியுல்லர், கொல்லர் ஷ்மிட். மாவு ஆலையும் உலைக்களமும் இல்லாத வட்டாரம் ஏது? எனவே இப்பெயர்கள் ஜெர்மனி எங்கும் மலிந்து கிடக்கின்றன, முதலிடம் மியுல்லருக்கே. ஆட்டுத்தோலைக் குறிக்கும் பெயரோ மிக அரிது.

அந்த அரிய பெயரைத் தமிழர் அறியச் செய்தது அவருடைய உழைப்பே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1707-இல் பெண் குழந்தைகளுக்கென்று பள்ளி திறந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. 1719-இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

ஆட்டுத்தோல் என்ற பெயர் அவரைத் தாழ்த்தவில்லை. நம் நாட்டிலோ தொழிலைச் சொன்ன பெயர்கள் பல, சாதியைச் சொல்லும் பெயர்களாகி மனிதரைப் பிரித்தன. அதனால்தான் 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டது. பட்டம் உதிர்ந்தது, இனிஷியல் நின்றது. இன்று அம்மாவின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதும் தோழியர் எங்களுடன் படிக்கிறார்கள்.

தோழியரே! குடும்பப் பெயர் இல்லாதது நமக்குக் குறையன்று. ஒருவர் பெயரைக் கேட்டதும் சாதியைத் தேடாத உலகை நோக்கி நம் முன்னோர் எடுத்து வைத்த அடி அது. அடுத்த அடியை வைக்க வேண்டியவர்கள் நாமே.