கிரைண்டர் பெல்ட்

கோவைக்குப் பக்கத்தில், பவர் பிரஸ் போட்டு மோட்டார் உதிரிபாகம் அடிக்கும் ஒரு பட்டறையில் கணக்கும் ஆள் நிர்வாகமும் என் பொறுப்பில் இருந்தன. அங்கே வேலை செய்த ஒரு பையனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. மருத்துவமனைச் சீட்டில் ‘வீட்டில் கிரைண்டர் பெல்ட்டில் கை மாட்டியது’ என்று இருக்கிறது. அப்படிச் சொல்லி எழுதவைத்தவன் நான்தான்.

உண்மையில் அவன் கை மாட்டியது பவர் பிரஸ்ஸில். அதில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் டை இறங்கும். அந்த நேரத்தில் கை உள்ளே இருக்க வழியில்லை. ஆனால் உருப்படி எண்ணிக்கை ஏற வேண்டுமே. ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சமாகும். அந்தக் கையால் தகட்டைத் தள்ளலாம். ஷாப்பில் இது எல்லோருக்கும் தெரியும். சம்பளக் கணக்குக்காக உருப்படி எண்ணிக்கையைத் தினமும் எழுதிய எனக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். அவனைக் காரில் ஏற்றியதும் முதலாளி என்னைப் பார்த்தார். போய் அந்தச் சில்லைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஈ.எஸ்.ஐ. பட்டியலில் அவன் பெயர் இல்லை. ‘காண்ட்ராக்ட் ஆள்’ என்று மாதம் கையில் 12,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவனைப் பதிந்திருந்தால் நிர்வாகம் கட்டவேண்டியது 3.25 சதவீதம், மாதம் 390 ரூபாய். அவன் பங்கு 90 ரூபாய். என் சம்பளத்தில் மட்டும் ஒழுங்காகப் பிடித்தார்கள். என் மனைவியின் பிரசவம் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில்தான் நடந்தது.

முதலாளி கெட்டவர், நான் அம்பு என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. விபத்து அறிக்கை போனால் ஆய்வாளர் வருவார், பழைய பாக்கியெல்லாம் கிளம்பும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னதே நான்தான். தனியார் மருத்துவமனை என்பதும் என் யோசனை. பில் முழுவதையும் கட்டினோம். பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிப் போனேன். பவானிப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த அவன் அம்மா, “நீங்க நல்லா இருக்கோணும் சாமி” என்று கும்பிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

பிறகு 40,000 ரூபாயும் ஒரு வவுச்சரும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று டைப் அடித்து ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினேன். அவன் பிளஸ் டூ முடித்தவன். கையெழுத்து அழகாக இருக்கும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது பெருவிரலில் மை தடவி உருட்டினான். மையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தேன், அதற்கும் “தேங்ஸ் சார்” என்றான்.

அவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காயம் ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம். ஆறியபின் மெடிக்கல் போர்டு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அவன் சம்பளத்துக்கு மாதம் சுமார் 2,160 ரூபாய், ஆயுசுக்கும். வேறு எங்கே வேலைக்குப் போனாலும் நிற்காது. இரண்டு வருஷம் ஆவதற்குள் நாங்கள் கொடுத்த 40,000-ஐ அது தாண்டிவிடும்; அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நிர்வாகம் சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளிக்கு உரியதை ஈ.எஸ்.ஐ. கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் வசூலித்துக்கொள்ளும். பட்டியலில் பெயர் இல்லாததால் ஒன்றும் கிடைக்காது என்று அவனிடம் சொன்னது பச்சைப் பொய்.

கட்டுப் பிரித்தபின் வேலை கேட்டு வந்தான். பேக்கிங்கில் வைத்திருக்கலாம், அந்தக் கை தினமும் மற்றவர்கள் கண்ணில் படுவதில் முதலாளிக்கு இஷ்டமில்லை. “ஆர்டர் கம்மி தம்பி, சொல்லி அனுப்பறேன்” என்றேன். அன்று இரண்டு புது ஆள் சேர்த்திருந்தேன்.

இப்போது நான் அந்தப் பட்டறையில் இல்லை. அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. விபத்து எங்கே நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை வைத்து அவன் ஒரு வக்கீலையோ தொழிற்சங்கத்தையோ பார்க்கலாம். கொடுத்தால் வவுச்சரும் மருத்துவமனைச் சீட்டும் முதலில் என் பெயரைத்தான் சொல்லும். இன்னும் கொடுக்காததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.