ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் பாபிலோன்

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். குறுகலான படி. செருப்பைக் கீழேயே கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஏசி இருந்தது, குளிர் இருந்ததில்லை. ஒரே ஒரு ஜன்னல், அதையும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி அடைத்து வைத்திருந்தார் அண்ணாச்சி. முன்வரிசை கேபின்கள் மெயில் பார்க்க வருகிறவர்களுக்கு. பின்வரிசை எங்களுக்கு. அங்கே இன்டர்நெட் கிடையாது. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு லேன் கேபிள் மட்டும் தரையோடு ஓடும். மணிக்கு 20 ரூபாய். பந்து வைத்த மவுஸ் சிக்கினால் நாமே கழற்றி, உருளையில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆட்டத்தின் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்க, 1997இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. எங்கள் கைக்கு வந்தபோது அதன் இரண்டாம் பாகமே வெளியாகி இருந்தது. ஆனால் அண்ணாச்சியின் மெஷின்களுக்கு முதல் பாகத்தை இழுக்கத்தான் தெம்பு இருந்தது. அதனால் ஊரில் பணக்கார சென்டர்களில் எல்லாம் இடைக்கால ஐரோப்பா நடந்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் கிறிஸ்துவுக்கு முன்பே தங்கிவிட்டோம். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

கற்காலத்தில் தொடங்கும். ஒரு டவுன் சென்டர், மூன்று ஆட்கள், 200 உணவு, 200 மரம், 150 கல். சுற்றிலும் கன்னங்கரேல் என்று இருட்டு. ஆள் நடந்துபோகப் போக நிலம் துலங்கும்: இங்கே ஒரு பழப்புதர், அங்கே மான் கூட்டம், ஆற்றோரத்தில் முதலை. யானையை அடித்தால் 300 உணவு. ஆனால் தனியாக ஈட்டியோடு போனவனை அது மிதித்துப் போட்டுவிடும்; நாலைந்து பேராகத்தான் போக வேண்டும். 500 உணவு சேர்ந்தால் கருவிக் காலம், 800க்கு வெண்கலக் காலம். இரும்புக் காலத்துக்கு 1000 உணவும் 800 தங்கமும் வேண்டும். மொத்த ஜனத்தொகையே 50தான். அதில் விறகு வெட்ட எத்தனை பேர், வாள் பிடிக்க எத்தனை பேர் என்று பிரிப்பதற்குள் ஒரு குடும்பஸ்தனின் முதல் வாரக் கவலை அத்தனையும் எங்களுக்கு வந்துவிடும்.

பன்னிரண்டு நாகரிகங்கள். தெருவுக்குத் தெரு கிரிக்கெட் டீம் இருக்கிற மாதிரி ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டோம். ஒருவன் எப்போதும் சுமேரியா. அவர்களுக்கு வயல் இரு மடங்கு விளையும். அவன் வீட்டில் நிஜமாகவே வயல் உண்டு, சீவலப்பேரிப் பக்கம். இன்னொருவன் பாபிலோன், மதிலும் கோபுரமும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு அடி தாங்கும். அவன் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவான். வெளியே வரவே மாட்டான். 'வெளிய வால' என்றால் 'நீ உள்ள வால' என்பான். நான் ஹிட்டைட். அவர்கள் யார், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. ஹத்தூசா என்ற தலைநகரம் இன்றைய துருக்கியில் கிடக்கிறது, கி.மு. 1274 வாக்கில் எகிப்தின் இரண்டாம் ராம்சேஸோடு காதேஷில் மோதினார்கள் என்பதெல்லாம் காலேஜ் லைப்ரரியில் படித்தது. அன்றைக்கு எனக்கு ஹிட்டைட் என்றால் கேட்டபல்ட் உடையாத கட்சி, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான புரூஸ் ஷெல்லி, அதற்கு முன் சிட் மெயரோடு சேர்ந்து சிவிலைசேஷன் ஆட்டத்தைச் செய்தவர். வரலாற்றுத் தகவல்களுக்கு நூலகத்தில் குழந்தைகள் பிரிவே போதும் என்பது அவர் கட்சி. பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் எங்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் அசிரியா என்பது ஐந்து மார்க் கேள்வி. பின்வரிசையில் அது மூன்றாவது கேபின். எது மனதில் நிற்கும்?

அந்த அறையில் ஆடியதற்கும் வேறெங்கும் ஆடியதற்கும் இருந்த வித்தியாசம் சத்தம்தான். எதிராளி என்ன செய்கிறான் என்பது தெரியக்கூடாது என்பதற்காகத்தான் ஆட்டத்தில் அத்தனை இருட்டு. ஆனால் கேபின்களுக்கு நடுவே இருந்த ப்ளைவுட் தடுப்புக்கு அது தெரியாது. ஹெட்போன் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அண்ணாச்சி சின்ன ஸ்பீக்கர்களை வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டடத்தையும் தொட்டால் அதற்கென்று ஒரு சத்தம். பக்கத்து கேபினில் குதிரை கனைத்தால் லாயம் கட்டிவிட்டான். விறகு வெட்டும் டொக் டொக் இல்லாமல் அமைதியாக இருக்கிறானா, படையோடு கிளம்பிவிட்டான். எல்லாவற்றையும்விடப் பயங்கரம் பூசாரியின் குரல். 125 தங்கம் கொடுத்தால் கோயிலிலிருந்து ஒரு பூசாரி வருவார். கையில் கோலைத் தூக்கி 'வொலோலோ' என்று ஓதினால் எதிரியின் வீரன் நின்ற இடத்திலேயே நிறம் மாறி அவர் பக்கம் சேர்ந்துவிடுவான். என் கேட்டபல்ட் ஒன்று அப்படிக் கட்சி மாறி என்னையே அடித்திருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் 'வொலோலோ' கேட்டதும், 'ஏல, கோயில் கட்டிட்டான்ல!' என்று இந்தக் கடைசியிலிருந்து ஒருவன் கத்துவான். மூன்று ராஜ்யங்களும் ஒரே நேரத்தில் வில்லாளிகளைத் தயார் செய்யும்.

சிலர் இதையும் தந்திரமாக்கினார்கள். படையே இல்லாதவன் லாயத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுக் குதிரையைக் கனைக்க விடுவான். நாங்கள் பயந்து ஈட்டிக்காரர்களைக் குவிப்போம். அவனோ கப்பலில் வந்து இறங்குவான். டல்லாஸில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

அண்ணாச்சி ஆடமாட்டார். ஆனால் எங்களைவிட நன்றாக ஆட்டம் தெரியும் அவருக்கு. பின்னால் வந்து நின்று, 'வயல் காஞ்சு கெடக்கு, பாக்கலையோ' என்பார். முதல் பாகத்தில் வயலின் விளைச்சல் தீர்ந்துவிட்டால் தானாகத் திரும்ப வராது. மரம் கொடுத்துப் புதிதாகப் போட வேண்டும். போரில் மூழ்கி அதை மறந்தவன் பட்டினியில் தோற்பான். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு மட்டும் அவர் வேறு ஆள். 'எந்திங்கல எல்லாரும்' என்பார். நம்பர் எழுதிய துண்டுச்சீட்டோடு அப்பாக்களும் அக்காக்களும் படி முழுக்க நிற்பார்கள். நாகரிகங்கள் அப்படி அப்படியே உறையும்.

ஒருமுறை பாபிலோன்காரன் தன் மதிலுக்குள் உலக அதிசயம் கட்டினான். 1000 மரம், 1000 கல், 1000 தங்கம். அது 2000 ஆண்டு இடியாமல் நின்றால் அவனுக்கு வெற்றி. ஆண்டுகள் குறைந்துகொண்டே வருவது எல்லார் திரையிலும் தெரியும். நாங்கள் மூன்று பேரும் பகையை மறந்து அவன் மதிலை இடித்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம்தான் பாக்கி. கரண்ட் போயிற்று. பின்வரிசைக்கு யுபிஎஸ் கிடையாது. ஜெயித்தது தான்தான் என்று அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்ததும் படியில் கூட்டம் குறைந்தது. முதலில் பின்வரிசை போயிற்று. அங்கே லேமினேஷன் மெஷின் வந்தது. பிறகு முன்வரிசையும் போய், அந்த மாடி ஏதோ டியூஷன் சென்டராயிற்று. 2009இல் என்செம்பிள் ஸ்டூடியோஸும் மூடப்பட்டது. ஆட்டம் மட்டும் சாகவில்லை. 2018இல் முதல் பாகத்துக்குப் புதுப் பதிப்பு வந்தது, வாங்கினேன். படம் துல்லியம், ஒலி துல்லியம், எதிராளி எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாது. இருட்டு கச்சிதமாக இருட்டாகவே இருக்கிறது. ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் ருசிக்கவில்லை.

2022இல் இரண்டாம் பாகத்தின் புதுப் பதிப்பில் திராவிடர் என்று ஒரு நாகரிகத்தையே சேர்த்தார்கள். ராஜேந்திர சோழனின் கதை உண்டு, உருமி சுழற்றும் வீரன் உண்டு, திரிசடை என்று ஒரு போர்க்கப்பல் உண்டு. ஆட்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். பாபிலோன்காரன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆடுவோம். அவன் திராவிடர்தான் எடுப்பான், எடுத்துவிட்டுக் குறையும் சொல்வான். 'எல்லாத்துக்கும் நைட் குடுத்திருக்கான், நம்மாளுக்குக் கவசக் குதிர கெடையாதாம். என்ன அநியாயம்ல இது.'

அநியாயமில்லை என்று விளக்கினேன். நல்ல குதிரை நம் பக்கம் வளர்ந்ததில்லை. பாண்டியர்கள் கடல் வழியாகத்தான் வாங்கினார்கள். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலில் வந்து நின்றதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். நம் தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்துக் காயல்தான். பராமரிக்கத் தெரியாமல் குதிரைகள் செத்ததையும், அதனால் வருஷா வருஷம் திரும்ப வாங்கியதையும்கூட அவர் விடவில்லை.

'ஹோர்முஸா? இங்கேருந்து பக்கம்தான். ரெண்டு ஏத்தி அனுப்பட்டா?' என்றான். நான் சிரித்து முடிப்பதற்குள் அவன் திரிசடைகள் என் துறைமுகத்துக்கு வந்துவிட்டன.