இடம் சுட்டும் சிறு சொற்கள்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணி நாடும் நம் மாணவர்க்கு இடர் தருவன ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்னும் மூன்று சிறு ஆங்கிலச் சொற்கள். பெட்டியில், மேசையில், வாயிலில் என மூவிடத்தும் தமிழ் ‘இல்’ என்னும் ஓருருபால் அமைகிறது. ஆங்கிலமோ உள்ளிடம், மேற்பரப்பு, நிற்கும் இடம் என மூன்றையும் வேறுபடுத்துகிறது; பெயருக்குப் பின்னன்றி முன்னே நிறுத்துகிறது.

எனினும் இப்பாகுபாடு நமக்குப் புதிதன்று. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் மேல், கீழ், உள், புறம் உள்ளிட்ட 28 உருபுகளை வகுத்துள்ளது. உருது பேசும் நம் இல்லத்துப் பிள்ளைகள் ‘மேன்’ என உள்ளிடத்தையும் ‘பர்’ என மேலிடத்தையும் நாள்தோறும் பிரித்தே பேசுகின்றனர். தெலுங்கர் வீட்டில் அவை ‘லோ’, ‘மீத’.

எந்திரத்தின்மேல் கைவைத்தலும் எந்திரத்தினுள் கைவிடுதலும் ஒன்றல்ல. ஆங்கில எச்சரிக்கைப் பலகையைப் படிக்கும் இளந்தொழிலாளிக்கு இவ்வேறுபாடு விரலைக் காப்பது. ஆதலின் ‘இல்’ எனச் சொல்லுமிடத்து ‘உள்’ளா, ‘மேல்’ஆ எனத் தமிழிலேயே முதலில் வினவப் பழக்குவோம், ஆங்கிலச் சொல் அதன்பின் எளிதில் அமையும்.