வேலியும் பயிரும்

நம் பங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். இயக்க நரம்பணு நோய் முதலில் அவர் கைகளையும், பின்னர் கால்களையும், இறுதியில் பேச்சையும் பறித்துக்கொண்டது. அறிவு மட்டும் மங்கவேயில்லை. முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்வோம். விழுங்குதல் அரிதாகிவிட்டபடியால், மிகச் சிறு துணுக்கொன்றையே நாவில் வைப்போம்.

ஒருமுறை, நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று நண்பர் தந்த லேகியப் புட்டியையும் உடன் கொண்டு சென்றோம். "இதைச் சாப்பிடுங்கள் ஐயா; தெம்பாக நோயோடு போராடலாம்" என்றோம்.

அவர் துணைவியார் தயங்கினார். "சாமி, டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாதாம். உடம்பில் இருக்கிற காவலே நரம்பைக் கெடுக்குமாம்."

ஆசிரியரின் கண்கள் எழுத்துப் பலகையை நாடின. அம்மையார் எழுத்துகளைத் தொட்டுக்கொண்டே வர, வேண்டிய எழுத்தில் அவர் இமை மூடினார். நெடுநேரத்திற்குப் பின் ஒரு வினா உருவாயிற்று: "வேலியே பயிரை மேய்கிறதா?"

நம்மிடம் விடையில்லை. புட்டியோடு வீடு திரும்பினோம். அவ்வினா நம்மை உறங்கவிடவில்லை. மருத்துவ நண்பர் ஒருவரின் துணையோடு படிக்கலானோம்.

பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869-இல் விவரித்த நோய் இது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஏன் மடிகின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. ஆயினும், அவை மடியும் இடத்தில் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் திரள்கின்றன. 1919-இல் ஸ்பெயின் அறிஞர் ரியோ ஒர்த்தேகா இவற்றை இனங்கண்டார். மூளையிலும் தண்டுவடத்திலும் கழிவை அகற்றுவதும் கிருமியைத் தடுப்பதும் இவற்றின் பணி.

இந்நோய்க்குரிய மரபணுக் கோளாறுள்ள எலிகளில், 2006-இல் ஓர் ஆய்வு நடந்தது. காவல் அணுக்களில் மட்டும் அக்கோளாற்றைக் குறைத்தபோது, நோய் தொடங்கும் காலம் பெரிதும் மாறவில்லை. தொடங்கியபின் அது பரவும் வேகமோ தணிந்தது. தீயை மூட்டியது காவலன் அல்லன். ஆனால் விசிறியவன் அவனே.

அப்படியானால் காவலை அடக்கிவிட்டால் போதுமா? அழற்சியைத் தணிக்கும் மினோசைக்ளின் மருந்து எலிகளுக்கு நற்பயன் தந்தது. மனிதரில் 412 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2007-இல் வெளிவந்தபோதோ, மருந்து உண்டவர்களே விரைவாக நலிந்திருந்தனர். டி-செல்கள் இல்லாத எலிகளும் விரைவில் மடிந்ததாக 2008-இல் தெரியவந்தது. காவல் முற்றிலும் பகையன்று. தொடக்கத்தில் அது நரம்பணுவைக் காக்க முயல்கிறது. நோய் முற்றுகையில் அதன் சீற்றம் எல்லை மீறுகிறது. அதைத் தணிப்பவை ஒழுங்குபடுத்தும் டி-செல்கள். இவை குறைந்த நோயாளரிடம் நோய் விரைந்தோடுவதைக் கண்டுள்ளனர். இவ்வணுக்களை 1995-இல் இனங்கண்ட ஜப்பானிய அறிஞர் சக்காகுச்சிக்கு, வேறிருவரோடு 2025-இல் நோபல் பரிசு கிட்டியது. இவற்றைக் கொண்டு இந்நோயைத் தணிக்கும் முயற்சிகள் தொடர்கின்றன. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

அடுத்த முதல் வெள்ளியன்று ஆசிரியரிடம் சொன்னோம்: "வேலி மேயவில்லை ஐயா. காக்கத்தான் எழுந்தது, எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை."

அவர் கண்கள் பலகையை நாடின. "சாமியின் லேகியம் போல" என்று முடிந்தது வாக்கியம். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். ஆசிரியரின் கண்களும் சிரித்தன. நாமும் சிரித்தோம், உள்ளுக்குள் நாணினோம். நோயாளரைக் காக்கும் ஆர்வத்தில் வேண்டாத மருந்தையும், "போராடுங்கள்" என்னும் வேண்டாத புத்திமதியையும் எத்தனை படுக்கைகளருகே கொட்டியிருப்போம்!

அதன்பின் அவ்வீட்டில் நாம் அதிகம் பேசியதில்லை. அருகில் அமர்ந்து, அவர் இமை மூடும் எழுத்துக்காகக் காத்திருந்தோம். தவக்காலத்தின் ஓர் அதிகாலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்தப் புட்டி, திறக்கப்படாமலே நம் மேசைமேல் இருக்கிறது. நோயாளரைக் காணப் புறப்படும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.