ஒரே பாக்கெட் விதைதான்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தவர்கள் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். பெர்லினில் என் அறையிலும் ஒரு கூடாரம், எல்இடி விளக்கு, மூன்று ‘நார்தர்ன் லைட்ஸ்’. ரகம் எப்படின்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தை 12 மணி நேரமாகக் குறைத்ததும் பூக்க ஆரம்பித்தன. ஒன்று குட்டை, எலுமிச்சைத் தோல் வாசம். இன்னொன்று விளக்கை முட்டியது, ஈரமண் வாசம். மூன்றாவது ரெண்டுங்கெட்டான். மண்ணும் உரமும் ஒளியும் ஒன்றே. விதைகள்தான் அக்கா தங்கைகள் (எல்லாமே பெண் செடிகள்). அச்சு அசலாக வேண்டுமென்றால் ஒரே தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர்விட வைக்கணும். ஒற்றைச் செடியை வைத்து, அதுவும் டிஎச்சி சதவீதத்தை மட்டும் பார்த்து, ரகத்துக்கே மார்க் போடுகிறவர்களை எப்படி நம்புவது? வாசத்தைத் தரும் டெர்பீன்கள் அந்த எண்ணில் கிடையாதே.

இன்னொருத்தரிடம் கருத்துக் கேட்கவும் வழியில்லை. வீட்டில் விளைந்ததை நண்பனுக்குச் சும்மா கொடுக்கக்கூட சட்டம் விடாது. டெவலப்பரும் நானே, டெஸ்டரும் நானே.

வீடியோ காலில் அம்மா கூடாரத்தைப் பார்த்துவிட்டார். என்ன செடி என்று சொன்னேன். இந்தியாவில் இதை வளர்த்தால் ஜெயில். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“ஊருக்கு வரும்போது சட்டையெல்லாம் நல்லாத் துவைச்சு எடுத்துட்டு வாடா.”