மலையில் எதற்கு ஏசி?

அரவேணுவில் இருந்துகொண்டு கார் ஏசியைச் சரிசெய்ய வேண்டும் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். மின்விசிறியே இல்லாத வீடுகள் உள்ள ஊர். "மலையில எதுக்குங்க மேடம் ஏசி?" என்று மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக்கும் கேட்டார்.

குளிர்ச்சிக்கு இல்லை, கண்ணாடிக்கு. ஐப்பசி மழையில் மலைச்சாலையில் இறங்கும்போது வண்டிக்குள் நாம் விடும் மூச்சே முன்கண்ணாடியில் படிந்து பாதையை மறைத்துவிடும். ஏசியின் கூலிங் காயில் அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்டவிடும். காய்ந்த காற்று கண்ணாடியைத் தெளியவைக்கும். வாரம் இரண்டு முறை அம்மாவை டயாலிசிஸுக்குக் கீழே கூட்டிப்போகிறவள் நான். கொண்டையூசி வளைவில் ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்ட முடியாது.

அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903இல் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். வணிக மதிப்பு இல்லையென்று ஒரு நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பியது. கண்ணாடிக்கு வெளியே உள்ள ஈரத்தை அவர் பார்த்துக்கொண்டார். உள்ளே இருப்பது நம் பாடு.

இதற்கு முன்பு போன கடையில் மூன்று முறை "கேஸ் ஏத்தியாச்சு" என்று பணம் வாங்கினார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிகிற ஆர்-134ஏ, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. இதைச் சொன்னபோது வந்த பதில்: "சாரைப் பேசச் சொல்லுங்க." சார் என்று யாரும் இல்லை.

இந்த மெக்கானிக்கிடம் பானெட்டைத் திறந்த கையோடு, "ஏத்த வேண்டாம், கசிவைக் கண்டுபிடியுங்கள்" என்றேன். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே வெளியேறும் என்பதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டியிருக்கும். கண்டென்சர் இணைப்பில் அப்படி ஒரு கறுப்பு வளையம். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. உள்ளே, காய்ந்து இறுகிப்போன ஓ-ரிங். வளையலைவிடச் சின்னது, விலையும் அப்படித்தான். டிரையரையும் மாற்றி, வேக்குவம் போட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று இருவரும் அரைமணி நேரம் பார்த்தோம். அதன்பிறகுதான் கேஸ், அதுவும் எடைபோட்டு.

"நீங்க கேக்கறது சரிதானுங்க" என்றார் அவர். பில்லில் மட்டும், அவரது பையன், அப்பா பெயர் என்னவென்று கேட்டான். ஆர்.சி. புத்தகத்தை நீட்டினேன்.