களனியைக் கடந்து – 3: கடைசித் தரிப்பிடம்

சென்ற வாரம் காக்கைதீவில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் நின்றோம். இந்த வாரம் ஆற்றைக் கடந்து வடக்கே போவோம்.

முகத்துவாரத்திலிருந்து மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டினால் ஹெந்தளை. 1708இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர். அங்கிருந்து பமுனுகம வீதியில் போகப் போக ஒரு பக்கம் கடற்கரைக் குடியிருப்புகளும் மாதா கோயில்களும், மறுபக்கம் ஹமில்டன் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் கோரையும் நாணலும் கண்டலும். அதுதான் முத்துராஜவெல, ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் சதுப்பு நிலம்.

கோட்டை இராச்சிய காலத்தில் இது நெல் விளைந்த பூமி. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் வெட்டிய கால்வாய்கள் வழியே உவர்நீர் ஏறி வயல்களைக் கெடுத்தது. அந்த நீரை வடியவைக்கப் பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்ததே ஹமில்டன் கால்வாய். நெல் திரும்பி வரவில்லை. மனிதர் கைவிட்ட இடத்தைப் பறவைகள் எடுத்துக்கொண்டன. 1996இல் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

போப்பிட்டியவில் வள்ளம் ஏறியபோது வெயில் இன்னும் சுள்ளென்று ஏறவில்லை. ஜனவரி மாதம், வலசைப் பறவைகள் வந்து நன்றாக நிலைகொண்டுவிட்ட நேரம். கால்வாய்க் கரையில் ஒரு சிறிய உள்ளான், ஓரிடத்தில் நிற்க முடியாததுபோலப் பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டியபடி சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் தொலைநோக்கியை எடுக்கக் கை தூக்கினேன். "கைய ஆட்டாதீங்க ஐயா, பறந்திடும்" என்றார் படகோட்டி. சிங்களமும் தமிழும் கலந்து பேசும் கரையோர மனிதர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது தண்ணீரை உரசுவதுபோலத் தாழப் பறந்து எதிர்க்கரையில் போய் இறங்கி, மறுபடி ஆட்டத் தொடங்கியது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய உடம்பு. இதன் இனம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இமயத்துக்கும் அதற்கு வடக்கேயும் உள்ள ஆற்றங்கரைகளில்.

கால்வாயை விட்டு அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்ததும் மீசை ஆலாக்கள். சிறகடித்தபடி அந்தரத்தில் தயங்கி, சட்டென்று குனிந்து, நீரின் மேற்பரப்பில் இருப்பதை அலகால் கொத்திக்கொண்டு மேலெழுகின்றன. குளிர்காலத்தில் அவற்றின் கருந்தொப்பி பாதி வெளுத்துப்போயிருக்கும். பட்டுப்போன கொப்பொன்றில் நீலவால் பஞ்சுருட்டான் ஒரு தும்பியை இரண்டு மூன்று தடவை அடித்துத் துவைத்துவிட்டு விழுங்கியது. உள்ளூர்வாசிகளான செந்நாரையும் தாழைக்கோழியும் விருந்தாளிகளைக் கண்டுகொள்ளாமல் தங்கள் பாட்டில் மேய்ந்தன.

இலங்கைக்கு வலசைப் பறவைகள் மூன்று வழிகளில் வருகின்றன: இந்தியாவின் மேற்குக் கரையோரமாக, கிழக்குக் கரையோரமாக, அந்தமான் பக்கமாக. பெரும்பாலானவை செப்டெம்பர், ஒக்டோபரில் வந்து ஏப்ரலுக்குள் புறப்பட்டுவிடும். யாழ்ப்பாணத்தவருக்குப் பழக்கமான ஆறுமணிக்குருவியும் இந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வருவதுதான். மரமடர்ந்த கொழும்பு வளவுகளில்கூட அதன் குரல் கேட்கும். மன்னாரில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்த் திரும்பியதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். வழியில் ஒரு குளம் வற்றினால் பறவை அடுத்த குளத்துக்குப் போகும். இலங்கைக்குத் தெற்கே அடுத்த குளம் இல்லை, பெருங்கடல்தான். பஸ் பாதையின் கடைசித் தரிப்பிடம் மாதிரி இந்தத் தீவு. இறங்கியே ஆகவேண்டிய இடத்தை மண் போட்டு நிரப்பினால் வந்த பறவை எங்கே போகும்?

நிரப்புவதோ நின்றபாடில்லை. சதுப்பின் மேலாக 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. கெரவலப்பிட்டியப் பக்கம் மின்நிலையமும் குப்பை மேடும் வந்துவிட்டன. வள்ளத்தில் இருந்து பார்த்தால் புகைபோக்கி தெரிகிறது. இத்தனைக்கும் 2018இல் ராம்சார் சமவாயம் உலகில் முதன்முதலாக அங்கீகரித்த 18 ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்று. தண்டுகம் ஓயாவும் களு ஓயாவும் களனியும் பெருகும்போது வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுவது இந்தச் சேறுதான். சும்மா கிடக்கும் நிலம் என்று இதைச் சொல்பவர்கள், வத்தளை வீடுகளுக்குள் தண்ணீர் புகும்போது அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள்.

பறவை பார்க்கவென்று பூந்தலவுக்கும் மன்னாருக்கும் போகிறோம், போக வேண்டியதுதான். ஆனால் கொழும்புவாசிகளே, பிள்ளைகளை ஒரு தடவை இங்கேயும் கூட்டிவாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். விடிந்ததும் வந்துவிட வேண்டும். பளிச்சென்ற உடுப்பு வேண்டாம், சத்தம் வேண்டாம், கொண்டுவரும் பொலித்தீனைத் திரும்ப எடுத்துப்போங்கள்.

அடுத்த வாரம் இதே கால்வாய் வழியே நீர்கொழும்புக் களப்புக்கு.